பாத்ரூம் ஃபேக்டரியில்... ஜாயின்ட் சைட்டில்! மாட்யூலர் வீட்டில் பிளம்பிங் வேலையை எப்படிப் பிரிக்கிறார்கள்?

டைல்ஸ், ஷவர், வாஷ் பேசின் எல்லாம் பொருத்திய முழு பாத்ரூமை ஃபேக்டரியில் செய்து, லாரியில் ஏற்றி, கிரேனில் தூக்கி அடுக்குமாடியில் வைக்க முடியுமா? சிங்கப்பூரில் இது சகஜம். அங்குள்ள 'கிளமென்ட் கேனோபி' என்ற 40 மாடி இரட்டைக் கோபுரம், 1,899 மாட்யூல்களை அடுக்கி 2019-ல் கட்டி முடிக்கப்பட்டது. மலேசியாவின் சேனாயில் கான்கிரீட் பெட்டிகளாக வார்த்து, சிங்கப்பூரின் துவாஸில் உள்வேலைகளை முடித்து, அதன்பிறகே சைட்டுக்குக் கொண்டு வந்தார்கள்.

அப்போ பிளம்பருக்கு வேலை எங்கே? ரெண்டு இடத்திலும்!

ஃபேக்டரியில்...

மாட்யூலுக்குள் அடங்கும் எல்லாமே இங்கேதான். சுவருக்குள் மறையும் தண்ணீர் பைப், கழிவுநீர் பைப், வாட்டர்புரூஃபிங், டைல்ஸ், டாய்லெட். சுவரை மூடும் முன் பைப்பில் அழுத்தம் ஏற்றி, அது இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். தரையில் தண்ணீர் தேக்கி, பொதுவாக 24 மணி நேரம் கசிவைச் சோதிப்பார்கள். ஒரு சிக்கலும் உண்டு. டிராயிங்கில் பைப் 2 செ.மீ தள்ளிப்போனால், நூறு பாத்ரூமிலும் தள்ளிப்போகும். அதனால் முதலில் ஒரு மாதிரி பாத்ரூம் செய்து சரிபார்ப்பது அவசியம்.

சைட்டில்...

மாடிகளைக் கடந்து இறங்கும் மெயின் பைப், மாட்யூல்களை இணைக்கும் ஜாயின்ட், பம்ப், தொட்டி, தெரு லைன் இணைப்பு ஆகியவை இங்கே நடக்கும். லாரிக் குலுக்கலில் ஜாயின்ட் தளரலாம் என்பதால், அழுத்த டெஸ்ட்டை இங்கேயும் ஒருமுறை செய்ய வேண்டும். மாட்யூல் சில மி.மீ விலகி உட்கார்ந்தால், தண்ணீர் பைப்பை வளையும் இணைப்பு வைத்துச் சமாளிக்கலாம். கழிவுநீர் பைப்பில் அது நடக்காது. மாட்யூல் சாய்ந்தால் பைப்பின் சரிவு கெட்டு, தண்ணீர் தேங்கும். அதனால் லெவல் பார்க்காமல் ஜாயின்ட் போடக் கூடாது.

கோடு எங்கே?

விதி சிம்பிள். கண்ணுக்கு மறையும் ஜாயின்ட் ஃபேக்டரியில் போட்டு, டெஸ்ட் செய்யப்பட வேண்டும். சைட்டில் போடும் ஜாயின்ட், கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அதற்காகத்தான் பாத்ரூமை ஒட்டி, கதவு வைத்த பைப் டக்ட் விடுகிறார்கள். இதை மீறினால், ஐந்து வருடம் கழித்து ஒரு சின்னக் கசிவுக்காக டைல்ஸை உடைக்க வேண்டி வரும். கூடவே ஃபேக்டரியில் பார்த்துப் பார்த்துச் செய்த வாட்டர்புரூஃபிங்கும் போய்விடும். 'தப்பு ஃபேக்டரியுடையதா, சைட்டுடையதா?' என்ற சண்டை வேறு!

இப்படி ஒரு வீடு வாங்கப் போகிறீர்களா? மூன்றே கேள்விகள் கேளுங்கள்...

* ஃபேக்டரி, சைட் இரண்டு இடத்து டெஸ்ட் ரிப்போர்ட்டும் இருக்கிறதா?

* சைட்டில் போட்ட ஜாயின்ட்களை எந்தக் கதவைத் திறந்து பார்க்கலாம்?

* கசிந்தால் பொறுப்பு யார் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா?

மூன்றுக்கும் பதில் பேப்பரில் கிடைத்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.