புல்லட்டின் டேப்பட் - ஒரு இடைவெளியின் கதை

எங்கள் வீட்டில் ஒரு பழைய புல்லட் இருக்கிறது. தாத்தா வாங்கியது, 1970களின் வண்டி. நன்னிலம் கடைத்தெருவில் அது திரும்பும் சத்தம் கேட்டதுமே பாட்டி காபிக்குப் பால் வைத்துவிடுவாராம். அந்த 'டப் டப்'புக்குள் இன்னொரு சின்ன சத்தமும் உண்டு. கூர்ந்து கேட்டால் தையல் மெஷின் ஓடுவதுபோல 'டிக் டிக்' என்று வரும். இந்தக் கட்டுரை அந்த டிக் டிக் பற்றித்தான். பரிட்சை நேரத்தில் இதெல்லாம் தேவையா என்று கேட்காதீர்கள், ப்ளீஸ்!

கொஞ்சம் பாடம் நடத்திவிட்டு வரலாற்றுக்குப் போகிறேன். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினுக்குள் காற்றும் பெட்ரோலும் போக ஒரு வால்வு, புகை வெளியேற ஒரு வால்வு. எஞ்சின் இரண்டு சுற்று சுற்றினால் ஒவ்வொரு வால்வும் ஒரு தடவை திறந்து மூடும். நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் 1,500 தடவை. நன்னிலத்திலிருந்து திருவாரூருக்கு இருபது நிமிஷம் ஓட்டினால் 30,000 தடவை! புல்லட்டில் இந்த வேலையைச் செய்வது கீழே இருக்கும் கேம். அது டேப்பட்டைத் தூக்க, டேப்பட் ஒரு நீளமான ராடைத் தள்ள, ராடு மேலே ராக்கரை அசைக்க, ராக்கர் வால்வை அழுத்தும். இந்த வரிசையில் எங்காவது ஒரு மயிரிழை இடம் விட்டிருக்க வேண்டும். இடம் அதிகமானால் டிக் டிக். வால்வும் முழுதாகத் திறக்காது. இடமே இல்லாமல் இறுகிப்போனால் வால்வு சரியாக மூடாது. வெடிக்கும் நெருப்பு அந்த இடுக்கு வழியாக ஒழுகி ஒழுகி, எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பையே தின்றுவிடும். அதாவது சத்தம் வரும் எஞ்சின் பிழைத்துக்கொள்ளும், சத்தம் வராத எஞ்சின்தான் சாகும். நோயாளி முனகாமல் இருந்தால் டாக்டர் பயப்படுவாரே, அந்த மாதிரி.

இது எங்களுக்குப் பட்டுத்தான் தெரிந்தது. அப்பா ஒருமுறை வெளியூர் பட்டறை ஒன்றில் வண்டியை விட்டு, "அந்த டிக் டிக் மட்டும் இல்லாம பண்ணிடுங்க" என்றிருக்கிறார். பண்ணிவிட்டார்கள். வண்டி வெண்ணெய் மாதிரி ஓடியது. மூன்றே வாரம். பிறகு கிக்கரை மிதித்தால் எதிர்ப்பே இல்லை, கால் சும்மா கீழே போனது. எக்ஸாஸ்ட் வால்வு கருகியிருந்தது. எங்கள் ஊர் மெக்கானிக் பாய் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "தம்பி, சத்தம் வந்தா காசு போகாது. சத்தம் போச்சுன்னா தான் காசு போகும்" என்றார். அப்பா பதில் சொல்லவில்லை.

சரி, வரலாறு. 1930லேயே அமெரிக்காவில் காடிலாக் பதினாறு சிலிண்டர் காரில், இந்த இடைவெளியை எண்ணெய் அழுத்தத்தால் தானாகவே சரிசெய்துகொள்ளும் ஏற்பாடு வந்துவிட்டது. ஸ்பேனரே வேண்டாம், சத்தமும் கிடையாது. பந்தயக்காரர்களுக்கு வேறு கவலை. எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது வால்வை மூடும் ஸ்பிரிங்கால் ஈடுகொடுக்க முடியாது. அதனால் 1954ல் மெர்சிடிஸ் தன் பந்தயக் காரிலும், 1956ல் டுகாட்டியின் தாக்லியோனி தன் 125 சிசி பந்தய பைக்கிலும், வால்வைத் திறப்பது போலவே மூடுவதையும் கேமிடமே கொடுத்தார்கள். அதில் இடைவெளியை ஒரு வால்வுக்கு இரண்டு இடத்தில் பார்க்கவேண்டும். மெக்கானிக்குக்குத் தலைவலி இரட்டிப்பு!

அதே சமயத்தில் நம்ம மெட்ராஸில் என்ன நடந்தது? ராணுவத்துக்காக இங்கிலாந்திலிருந்து புல்லட்டுகளை வரவழைத்த மெட்ராஸ் மோட்டார்ஸ், 1955ல் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. 1970 வாக்கில் இங்கிலாந்துக் கம்பெனி மூடியே போனது. திருவொற்றியூர் மட்டும் அதே எஞ்சினைச் செய்துகொண்டே இருந்தது. 1977ல் அதை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்யவும் ஆரம்பித்தார்கள். (இதை எழுதும்போது கொஞ்சம் சிரிப்பு வரத்தான் செய்கிறது.)

அந்த எஞ்சினில் டேப்பட் பார்க்க அளவுத்தகடு கூட வேண்டாம். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், அவ்வளவுதான். பாய் காலையில் வந்து, டீ கூடக் குடிக்காமல் இந்த வேலையை முடிப்பார். கிக்கரை மெதுவாக மிதித்து, கம்ப்ரஷனில் பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தில் நிறுத்துவார். சிலிண்டர் அடியில் ஒரே நட்டில் நிற்கும் சின்ன மூடியைக் கழற்றினால் இரண்டு ராடும் தெரியும். மூன்று மெல்லிய ஸ்பேனர்கள். ஒன்றால் பிடித்து, ஒன்றால் லாக் நட்டைத் தளர்த்தி, ஒன்றால் திருப்பி... பிறகு விரலால் ராடைச் சுற்றிப் பார்ப்பார். தடையில்லாமல் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. குளிர்ந்த நிலையில் இடைவெளி சுழி. சூடேறியதும் சிலிண்டரும் ஹெட்டும் விரிந்து, தேவையான இடத்தை எஞ்சினே உண்டாக்கிக்கொள்ளும். லாக் நட்டை இறுக்கும்போது அளவு கொஞ்சம் நகரும் என்பதால் இறுக்கிவிட்டு மறுபடி சுற்றிப் பார்ப்பார். எனக்கும் ஒருமுறை கையைப் பிடித்து வைத்துக் காட்டினார். எனக்கு இரண்டு ராடும் ஒரே மாதிரிதான் இருந்தது. "ஒண்ணு புடிக்குது பாரு" என்றார். எனக்குப் பிடிபடவில்லை.

1980களில் இந்தக் கைப்பழக்கத்துக்கே வேலையில்லாமல் போகும் போலிருந்தது. யமஹா ஆர்எக்ஸ் 100, இண்ட் சுசுகி எல்லாம் டூ ஸ்ட்ரோக். அவற்றில் கேமும் இல்லை, டேப்பட்டும் இல்லை. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் அந்த வண்டிகள்தான் பறந்தன. ஆனால் 2000ல் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதும் டூ ஸ்ட்ரோக் ஒவ்வொன்றாக விடைபெற்றது. புகை விதி புல்லட்டையும் விடவில்லை. 2008ல் யு.சி.இ. என்ற புது எஞ்சின் வந்தது, ஹைட்ராலிக் டேப்பட்டோடு. காடிலாக்கில் வந்து 78 வருஷம் கழித்து! பழைய இரும்பு எஞ்சின் 2010 வாக்கில் நின்றது. பாயின் மூன்று ஸ்பேனரும் புது வண்டிகளுக்குத் தேவைப்படவில்லை.

கதை இதோடு முடியவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். 2020ல் மீட்டியோரோடு வந்த ஜே வரிசை எஞ்சினில் கேம் தலைக்கு ஏறிவிட்டது. ராடு போயிற்று, ஹைட்ராலிக்கும் போயிற்று, இடைவெளி திரும்பி வந்துவிட்டது. 2023ல் புல்லட்டும் அதே எஞ்சினுக்கு மாறியது. இப்போது அளவுத்தகட்டைச் செருகித்தான் பார்க்க வேண்டும். பாய் ஒரு கட்டு வாங்கி வைத்திருக்கிறார். தகட்டில் பொறித்த எண்ணைப் படிக்க அவருக்குக் கண்ணாடி வேண்டியிருக்கிறது. எங்கள் வண்டிக்கு மட்டும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உட்காருகிறார்.