எவரும் பார்த்திராத மாற்றம்: பள்ளியில் பரிணாமம் கற்பித்தல் குறித்துச் சில எண்ணங்கள்

1854ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆல்பிரட் ரசல் வாலஸ் என்னும் ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் சிங்கப்பூரில் வந்திறங்கினார். புக்கிட் தீமாவில் ஏறத்தாழ ஒரு சதுர மைல் காட்டுக்குள், இரண்டு மாத அளவில் 700 வகை வண்டுகளைத் திரட்டினார். பின்னர் மலாக்கா சென்று, அங்கிருந்து இன்றைய ஜொகூர் மாநிலத்தின் குனோங் லேடாங் மலையில் ஏறினார். 1855இல் சரவாக்கில் தங்கியிருந்தபோது ஒரு கட்டுரை எழுதினார். புதிய உயிரினம் ஒவ்வொன்றும், தனக்கு நெருங்கிய உறவுடைய முந்தைய உயிரினம் வாழ்ந்த இடத்தையும் காலத்தையும் ஒட்டியே தோன்றுகிறது என்பது அதன் சாரம். 1858 ஜூலை முதல் நாள், லண்டன் லின்னேயன் கழகத்தில் டார்வினின் எழுத்துகளும் வாலஸின் மற்றொரு கட்டுரையும் ஒருசேரப் படிக்கப்பட்டன. மறு ஆண்டில் டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ வெளிவந்தது.

கெலாங் பாத்தாவுக்கு நீரிணையின் அக்கரையில் சிங்கப்பூர். நாம் வாழும் இதே மாநிலத்தின் வடமேற்கு எல்லையில் லேடாங். பரிணாமக் கொள்கையை மேலைநாட்டு இறக்குமதி என்று ஒதுக்குவோர் நம்மிடையே உண்டு. அதற்கான சான்றுகளில் ஒரு பகுதி நம் காடுகளில் திரட்டப்பட்டது என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இக்கொள்கையைப் பள்ளியில் கற்பிக்கலாமா என்னும் வழக்கு நெடியது. 1925இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஜான் ஸ்கோப்ஸ் என்னும் ஆசிரியர், இதனைக் கற்பித்தமைக்காக 100 டாலர் தண்டம் விதிக்கப்பெற்றார். அம்மாநிலத்தின் தடைச்சட்டம் நீங்க 1967 வரை காத்திருக்க நேர்ந்தது. 2005இல் பென்சில்வேனியாவின் டோவர் வழக்கில், ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ என்னும் கருத்து அறிவியல் ஆகாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்தியாவில் இவ்வழக்கு அண்மைக் காலத்தது. 2018 ஜனவரியில் நடுவண் கல்வித்துறை இணை அமைச்சராயிருந்த சத்யபால் சிங், டார்வின் கொள்கை தவறானது, பாடத்திட்டத்தினின்று அது நீக்கப்பட வேண்டும் என்றார். குரங்கு மனிதனாக மாறியதைக் கண்டதாக நம் முன்னோர் எவரும் சொல்லவோ எழுதவோ இல்லை என்பது அவர் காட்டிய காரணம். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் கூட்டாக மறுப்பு வெளியிட்டன. பின்னர் என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் ‘மரபுவழியும் பரிணாமமும்’ என்றிருந்த இயல், பாடச்சுமையைக் குறைத்தல் என்ற பெயரில், ‘மரபுவழி’ என்று சுருங்கியது. 2023 ஏப்ரலில் 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளரும் ஆசிரியரும் அதனை எதிர்த்துத் திறந்த மடல் எழுதினர். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் அப்பாடம் நீடித்தது உண்மையே. ஆயினும் பத்தாம் வகுப்போடு உயிரியலை விட்டு விலகுவோரே மிகப் பலர்.

‘எவரும் பார்த்ததில்லை’ என்னும் அந்தக் காரணம் ஒரு மொழியியலாளனை நின்று சிந்திக்க வைக்கிறது. தமிழும் மலையாளமும் பிரிந்ததை எவர் பார்த்தார்? தாய் ஒரு மொழி பேச, மகள் வேறொரு மொழி பேசிய நாள் வரலாற்றில் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு தலைமுறையும் தன் பெற்றோரின் மொழியையே பேசியது. ஆயினும் நூற்றாண்டுகள் கழிந்தபின் மொழிகள் இரண்டாயின. கண்ணால் காணாத இம்மாற்றத்தை நாம் சான்றுகளால் அறிகிறோம்.

தமிழில் செவி, கன்னடத்தில் கிவி. தமிழில் சேரி; கன்னடத்தில் கேரி. இங்கே பழைய ககரத்தைக் காத்தது கன்னடம், மாறியது தமிழ். தமிழில் பால், புலி. கன்னடத்தில் ஹாலு, ஹுலி. இங்கே பழைய பகரத்தைக் காத்தது தமிழ், மாறியது கன்னடம். பழங்கன்னடக் கல்வெட்டுகளில் அந்தப் பகரம் இன்றும் காணக் கிடைக்கிறது. பாறையில் பதிந்த புதைபடிவம் உயிரியலாளனுக்கு எதுவோ, கல்லில் பதிந்த எழுத்து நமக்கு அது.

இதிலிருந்து பெறும் பாடம் ஒன்றுண்டு. கன்னடம் தமிழிலிருந்து பிறக்கவில்லை; இரண்டும் ஒரு மூல மொழியிலிருந்து கிளைத்தவை. அவ்வாறே இன்றைய குரங்கு மனிதனாக மாறவில்லை. இரண்டுக்கும் பொது மூதாதை உண்டு. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856இல் வந்தது. டார்வினின் நூலுக்கு மூன்றாண்டு முற்பட்டது. 1863இல் ஜெர்மானிய மொழியியலாளர் ஷ்லைஹர், டார்வின் கொள்கையையும் மொழியியலையும் இணைத்து ஒரு சிறுநூல் எழுதினார். 1871இல் டார்வினே மொழிகளின் தோற்றத்தையும் உயிரினங்களின் தோற்றத்தையும் ஒப்பிட்டார். இவ்வொப்புமைக்கு எல்லை உண்டு: மொழிகள் தாராளமாகக் கடன் கொள்ளும், ஒலிமாற்றத்தில் இயற்கைத் தேர்வு என்பதும் இல்லை. எனினும் சான்றுகொண்டு பொது மூலத்தை உய்த்துணரும் முறை ஒன்றே. திராவிட மொழிக்குடும்பத்தை ஏற்போர், அம்முறையை உயிரியலில் மட்டும் மறுத்தல் முறையாகாது.

இனி, சொல்லைப் பற்றி. ‘பரிணாமம்’ சாங்கியத் தத்துவத்தினின்று வந்த சொல். பால் தயிராதல் அதற்கு வழக்கமான எடுத்துக்காட்டு. பால் தானே தயிராகிறது. ஆதலின், ஒரு குரங்கு தானே மனிதனானது போலும் என்று மாணவர் மயங்க இடமுண்டு. ‘படிவளர்ச்சி’ என்றால் ஏணியில் மேலேறும் தோற்றம் எழுகிறது. உயிரினங்களோ ஏணியாக அன்றி மரமாகக் கிளைத்தவை. இலங்கைப் பாடநூல்கள் ‘கூர்ப்பு’ என்று வழங்குகின்றன. தொல்காப்பிய உரியியல் அச்சொல்லுக்கு, உள்ளது சிறத்தல் என்று பொருள் தருகிறது. ஓரினத்துக்குள் முன்னரே உள்ள வேறுபாடுகளுள் சில தலைமுறைதோறும் மிகுதலே இயற்கைத் தேர்வு ஆதலின், மூன்றனுள் இச்சொல்லே பொருளுக்கு அண்மையது எனலாம். எச்சொல்லை ஆண்டாலும், அது தரும் மயக்கத்தை ஆசிரியர் முதலிலேயே களைதல் நன்று.

இதனால் தொல்காப்பியர் டார்வினுக்கு முந்தியவர் என்று முழங்குதல் தகாது. மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாகப் பகுக்கிறது. அது நுண்ணிய பகுப்பு. ஒன்றிலிருந்து மற்றொன்று தோன்றிற்று என்னும் கூற்று அதில் இல்லை. சிவபுராணம் பல பிறவிகளைப் பேசுகிறது. அது ஓர் உயிரின் பயணம், இனங்களின் வரலாறு அன்று. நம் நூல்களுக்கு அவற்றுக்குரிய பெருமையே போதும். சொல்லாததைச் சொன்னதாக ஏற்றினால், அறிவியலும் திரியும், இலக்கியமும் திரியும்.

நம் நாட்டு நிலை என்ன? படிவம் 1 வரலாற்றில் நம் மாணவர் லெங்கோங் பள்ளத்தாக்கையும் பேராக் மனிதனையும் படிக்கின்றனர். எஸ்.பி.எம். உயிரியலில் மரபுவழியும் மாறுபாடும் தனி இயல்களாக உள்ளன. அவற்றை இணைக்கும் பரிணாமத்துக்குத் தனி இயல் இல்லை. தேர்வும் சிற்றினத் தோற்றமும் ஆறாம் படிவ உயிரியலிலேதான் வருகின்றன. இடைநிலைப்பள்ளியில் அறிவியல் தமிழில் இல்லாமையால், தமிழ்ப்பள்ளியில் பயின்ற மாணவர் இக்கருத்தைத் தம் தாய்மொழியில் ஒருபோதும் கேளாமலே பள்ளியை விட்டு நீங்குவர். மணிகள் கையில் உள்ளன. கோக்கும் நூல்தான் இல்லை.

சமய நம்பிக்கை புண்படுமோ என்னும் தயக்கத்தை எள்ளுதல் கூடாது. கடவுள் உண்டா என்பது உயிரியல் வகுப்பின் வினா அன்று. இச்சான்றுகள் எதனைக் காட்டுகின்றன என்பதே அதன் வினா. மாணவர் கொள்கையை நம்ப வேண்டுமென நாம் கேட்கவில்லை. சான்றை எடைபோடக் கற்கவேண்டும் என்றே கேட்கிறோம்.

அதற்குத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. இவ்வூரை அடுத்த சுங்கை பூலாய் அலையாத்திக் காடு, 2003 முதல் ராம்சார் ஈரநிலமாகப் போற்றப்படுவது. அத்தகைய காட்டின் சேற்றில், துடுப்புகளை ஊன்றித் தரையில் நகரும் மீனைக் காணலாம். மலாய்க்காரர் அதனைத் தெம்பாக்குல் என்பர். அது நம் மூதாதை அன்று. ஆனால் நீர்வாழ் உடல் நிலத்துக்கும் இசையக்கூடும் என்பதற்குக் கண்கூடான சான்று. அறிவியல் ஆசிரியர் அம்மீனைக் காட்டட்டும். தமிழாசிரியர் செவியையும் கிவியையும் கரும்பலகையில் எழுதிக் காட்டட்டும். எவரும் பார்த்திராத மாற்றத்தை அறியும் வழி, அவ்விரு வகுப்புகளிலும் ஒன்றே என்பது மாணவர்க்குத் தானே விளங்கும்.