சிறைக்குள் நுழைந்த சாதி

சிறைச்சாலையின் பெரிய கதவுக்குள் ஒரு சிறிய கதவு உண்டு. தலைகுனிந்துதான் அதன் வழியே நுழைதல் இயலும். நுழைந்தவனுடைய பையைச் சோதிப்பர், உடலிலுள்ள மச்சங்களைக் குறிப்பர், பெயரைக் கேட்பர், தந்தையின் பெயரைக் கேட்பர், அடுத்து, 'என்ன சாதி?' என்று கேட்பர். உடையைப் பறித்து, உரிமையைப் பறித்து, பெயருக்குப் பதிலாக ஓர் எண்ணைத் தந்து உள்ளே அனுப்பும் அந்த இடம், சாதியை மட்டும் பறித்துக்கொள்ளவில்லை. பதிவேட்டில் பத்திரமாக எழுதிக் காப்பாற்றிக் கொடுத்தது!

எதற்காக அந்தக் கேள்வி? திருடியவன் எந்தச் சாதியானால் என்ன? பூட்டை உடைத்த கைக்குப் பூணூல் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? இக்கேள்விக்கு விடை தேடிப் போனால், 'சிறை சென்றவன் ஏன் திருந்தவில்லை, ஏன் திரும்பத் திரும்பக் குற்றம் செய்கிறான்?' என்று கனவான்கள் எழுப்பும் கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடுகிறது. ஆகவேதான் இந்தப் பழைய ஏடுகளை நாம் புரட்டுகிறோம்.

குற்றம் ஒன்றாயினும் தண்டனை சாதிக்குச் சாதி வேறு என்பது மனுவின் நீதி. மற்றவர் உயிரிழக்க வேண்டிய குற்றத்துக்குப் பார்ப்பனருக்குத் தலையை மழித்தல் போதும் என்று அந்நூலின் எட்டாம் அத்தியாயம் விதிக்கிறது. ஏதோ ஏட்டில் உறங்கிய பழங்கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1795இல் காசிப் பகுதிக்கு இயற்றிய ஒழுங்குவிதியில், பார்ப்பனருக்குத் தூக்குத் தண்டனை இல்லை என்று எழுதிவைத்தனர். 1817 வரை அவ்விலக்கு நீடித்தது. வெள்ளையன் கொண்டுவந்தது சமநீதி என்பாரும், வெள்ளையன்தான் சாதியை வளர்த்தான் என்பாரும் இந்த ஒரு செய்தியை எண்ணிப் பார்க்கட்டும். வந்தவனுக்கு வேண்டியது வரியும் அமைதியும். அவற்றைத் தடையின்றிப் பெறுவதற்காக, இங்கிருந்த மேல்தட்டு என்ன விலை கேட்டதோ அதை அவன் கொடுத்தான்.

சிறைக்குள் அந்த விலை எவ்வாறு கொடுக்கப்பட்டது என்பதுதான் நாம் சொல்ல வந்த கதை.

மெக்காலே 1835ஆம் ஆண்டு இறுதியில் எழுதிய குறிப்பைத் தொடர்ந்து, இந்தியச் சிறைகளை ஆராய ஒரு குழு அமைந்தது. 1838இல் அதன் அறிக்கை வந்தது. கைதிக்குக் கல்வி, அறவுரை, நன்னடத்தைக்குப் பரிசு ஆகியவற்றால் அவனைத் திருத்தலாம் என்ற எண்ணத்தை அக்குழு ஏற்கவில்லை. கடுமையே மருந்து என்று கண்டது. அதுவரை வங்காள மாகாணத்துச் சிறைகளில் கைதிக்கு நாள்தோறும் சில காசுகள் படியாகக் கொடுப்பர். அவனே பண்டம் வாங்கிச் சமைத்து உண்பான். ஒவ்வொருவனுக்கும் ஓர் அடுப்பு, ஒவ்வோர் அடுப்பைச் சுற்றியும் ஒரு தீட்டு வட்டம்! இனி எல்லோருக்கும் ஒரே சமையல் என்று 1840களில் மாற்ற முனைந்தபோது, பீகார்ப் பகுதிச் சிறைகளில் கலவரம் மூண்டது. 1855இல் மற்றொரு கலவரம். கைதிகளிடம் இருந்த பித்தளைச் செம்பு ஆயுதமாகவும் பயன்படும் என்று கருதி, அதை வாங்கிக்கொண்டு மண்பாண்டம் கொடுத்தனர். மண்பாண்டம் ஒருமுறை தீட்டுப்பட்டால் தீட்டுப்பட்டதுதானே! ஆரா, முசாபர்ப்பூர் ஆகிய ஊர்ச் சிறைகளில் கைதிகள் கொதித்தெழுந்தனர். முசாபர்ப்பூரில் ஊராரும் உடன் திரண்டனர். அதிகாரி பணிந்தார். செம்பு திரும்பி வந்தது.

களியில் கல் இருந்ததற்காக அன்று ஊர் திரளவில்லை. காலில் விலங்கு பூட்டியதற்காகத் திரளவில்லை. செம்புக்காகத் திரண்டது! 'மதத்தை அழித்துக் கிறித்தவராக்கப் பார்க்கிறான்' என்ற அச்சமும் அதில் கலந்திருந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் ஆட்சியாளர் அதிலிருந்து கற்றுக்கொண்ட பாடம் ஒன்றே: கைதியின் முதுகில் அடிக்கலாம், சாதியில் கை வைக்கக் கூடாது.

அந்தப் பாடம் விதியாயிற்று. வங்காளச் சிறை விதித்தொகுப்பைப் பாருங்கள்: தகுந்த சாதியைச் சேர்ந்த கைதியே உணவு சமைத்து எடுத்துச் செல்ல வேண்டும், துப்புரவுப் பணிக்கு மேத்தர், ஹரி, சண்டாளர் ஆகிய சாதிகளிலிருந்து ஆள் பொறுக்க வேண்டும். உத்தரப்பிரதேச விதி இன்னும் நயமானது. வெறுங்காவல் பெற்றவனை இழிவான வேலை செய்யச் சொல்லக் கூடாது. ஆனால் அத்தகைய வேலை செய்து பழகிய வகுப்பில் பிறந்தவனானால் சொல்லலாம்! நீதிபதி அவனுக்கு விதித்தது வெறுங்காவல். மலம் அள்ளுதலைச் சேர்த்து விதித்தது யார்? அவன் பிறப்பு. இவையெல்லாம் வெள்ளையன் காலத்துக் குப்பை என்று கூறித் தப்பிக்கவும் வழியில்லை. இராசத்தானத்தின் சிறை விதிகள் 1951ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டதாக முழங்கிய மறு ஆண்டு! அவ்விதிகளும் பார்ப்பனரோ போதிய உயர்சாதி இந்துவோ சமையலுக்குத் தகுந்தவர் என்றும், கக்கூசு வேலை மேத்தருக்கு என்றும் பகுத்துவைத்தன.

இதில் திருத்தம் எங்கே இருக்கிறது? வெளியே குப்பை வாரியவன் உள்ளேயும் குப்பை வாரினான். வெளியே வந்தும் அதையே வாரினான். புதுத்தொழில் ஒன்றும் அவன் கைக்கு வரவில்லை. புது மதிப்பு ஒன்றும் அவன் நெஞ்சுக்கு வரவில்லை. சிறையில் சமையற்கட்டில் இருப்பவன் குட்டி அரசன் என்பது உள்ளே போய் வந்தவர் எல்லோருக்கும் தெரியும். சோறு அவன் கையில். அந்த அரசும் பிறப்பால் வந்ததென்றால், கைதி அங்கே கற்றுக்கொண்ட நீதி எது? ஊர்த்தெருவைத்தான் சுவர் எழுப்பி மறுபடியும் கட்டிவைத்தனர்.

இதைவிடப் பெரிய கொடுமை ஒன்று உண்டு. குற்றம் செய்தபின் சாதி கேட்டது சிறை. சாதியைக் கேட்டே குற்றவாளி ஆக்கியது குற்றப் பரம்பரைச் சட்டம்.

1871இல் அச்சட்டம் வட இந்தியப் பகுதிகளுக்காக இயற்றப்பட்டது. அன்று எடுத்துரைக்கப்பட்ட வாதம் என்ன தெரியுமா? இந்நாட்டில் நெசவாளி மகன் நெசவாளி, தச்சன் மகன் தச்சன். ஆகவே திருடன் மகன் திருடனாகத்தான் இருப்பான்! வருணாசிரமத்தின் இலக்கணத்தை வெள்ளையர் எவ்வளவு செம்மையாகக் கற்றிருந்தனர் பாருங்கள். எந்தக் கூட்டத்தைக் குற்றக் கூட்டம் என்று அரசு அறிவிக்கிறதோ அது குற்றக் கூட்டம்தான். அறிவிப்பு செல்லுமா என்று எந்த நீதிமன்றமும் கேட்கக் கூடாது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே இது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவர், பிறமலைக் கள்ளர் எனச் சாதி சாதியாகப் பெயர்கள் ஏறின. மக்கள் இதற்கு வைத்த பெயர் ரேகைச் சட்டம். பெருவிரலை மையில் தோய்த்துப் பதிக்க வேண்டும். குறித்த நேரத்தில் வந்து முகம் காட்ட வேண்டும். ஊர் விட்டு ஊர் போகச் சீட்டு வாங்க வேண்டும். பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தொழிற்பள்ளியில் அடைக்கவும் அதில் இடம் இருந்தது. தங்கை வீட்டுத் திருமணத்துக்குப் போய் வருவதே குற்றமாகிவிட்ட மனிதனிடம், 'குற்றம் செய்யாதே' என்று சொல்வதற்குப் பொருள் என்ன?

1920 ஏப்ரல் 3ஆம் நாள், மதுரை மாவட்டம் பெருங்காமநல்லூரில் மக்கள் ரேகை வைக்க மறுத்தனர். துப்பாக்கி பேசியது. பதினைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். காயமுற்றோர்க்குத் தண்ணீர் கொடுக்க ஓடிவந்தவள் என்று அப்பகுதி மக்கள் இன்றளவும் போற்றும் மாயக்காளும் அவர்களுள் ஒருத்தி.

மீண்டும் குற்றம் செய்தல் பற்றி இச்சட்டம் சொன்னதை நாம் தனியே கவனிக்க வேண்டும். பதிவு பெற்றவன் குறிப்பிட்ட குற்றங்களுள் ஒன்றில் இரண்டாம் முறை சிக்கினால் ஏழாண்டுக்குக் குறையாத சிறை. மூன்றாம் முறையானால் வாழ்நாள் முழுதும் நாடுகடத்தல். அவனுடைய ஊரில், அதே பொருளைத் திருடிய வேறு சாதிக்காரனுக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. 'பழைய குற்றவாளிகளுள் இச்சாதியார் மிகுதி' என்று பின்னர் புள்ளிவிவரம் காட்டினர். ஆட்டை அடைத்த பட்டியில் ஆடுதானே மிகுதியாக இருக்கும்?

காவல் நிலையங்களில் 'கே.டி.' என்றொரு பதிவேடு இருந்தது. அறியப்பட்ட கொள்ளைக்காரன் என்னும் பொருள்கொண்ட இரண்டு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. இன்று 'கேடி' தமிழ்ச் சொல்லாகவே மாறி, குறும்புப் பிள்ளையைத் தாய் செல்லமாகக் கண்டிக்கும் சொல்லாகவும் ஆகிவிட்டது. ஊரில் எங்கே களவு போனாலும் முதலில் கேடியின் வீட்டுக் கதவு தட்டப்படும். கதவு தட்டப்படுபவனுக்கு யார் வேலை கொடுப்பார்? வேலையற்றவன் எதைத் தின்பான்? அவன் திரும்பவும் சிக்கும்போது, 'பார்த்தீரா, இரத்தத்திலேயே இருக்கிறது!' என்றனர்.

வெள்ளையரிலும் சிந்தித்தவர் இல்லாமல் இல்லை. சென்னையில் உயர்பதவி வகித்த அலெக்சாண்டர் கார்டியு தலைமையில் 1919இல் அமைந்த சிறைக்குழு, இங்கிலாந்து, அமெரிக்கா, ஜப்பான் ஆகிய நாடுகளின் சிறைகளையும் கண்டு, தண்டித்தல் மட்டுமன்று, கைதியைத் திருத்தி மறுவாழ்வு தருவதும் சிறையின் நோக்கம் என்று எழுதியது. நல்ல சொல்தான். ஆனால் அதே நேரத்தில் சிறைத்துறை மாகாணங்களின் பொறுப்புக்குப் போயிற்று. பணமில்லை என்ற பதிலோடு பரிந்துரைகளிற் பல தாளிலேயே தங்கின. சென்னையில் இளங்குற்றவாளிகளுக்கான 1926ஆம் ஆண்டுப் பார்ஸ்டல் பள்ளிச் சட்டம் போன்ற சில நற்செயல்கள் நடந்தன. குற்றப் பரம்பரைச் சட்டத்தை ஒழிக்குமாறு கார்டியு குழுவும் சொல்லவில்லை. அதை ஒழிக்க மக்கள் போராட வேண்டியிருந்தது. 1947இல் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் ஒழிந்தது. 1952 ஆகஸ்டு 31இல் நாடு முழுதும் ஒழிந்தது. ஆனால் முன்வாசல் வழியே போனது பின்வாசல் வழியே வந்தது. 1948இலேயே சென்னை அரசு 'வழக்கமான குற்றவாளிகள்' சட்டத்தைக் கொண்டுவந்துவிட்டது. பிற மாநிலங்களும் தொடர்ந்தன. சாதியின் பெயர் சட்டத்திலிருந்து போயிற்று. ஆனால் காவலரின் நினைவிலிருந்து போயிற்றா?

நம் இயக்கத்தாருக்குச் சிறை புதிதன்று. 1939இல் இந்தி எதிர்ப்புக் கைதிகளாக இருந்து மாண்ட நடராசனையும் தாளமுத்துவையும் தமிழ்நாடு மறவாது. 1957 நவம்பர் 26ஆம் நாள், சாதியைக் காக்கும் அரசியலமைப்புப் பிரிவுகளைக் கொளுத்தி ஏறத்தாழ மூவாயிரம் பேர் சிறை புகுந்தனர். அதற்கென்றே மூன்றாண்டு வரை தண்டிக்கும் தனிச்சட்டம் ஒன்றை அரசு முன்கூட்டியே இயற்றி வைத்திருந்தது. பட்டுக்கோட்டை இராமசாமியும் மணல்மேடு வெள்ளைச்சாமியும் 1958இல் உயிரோடு வெளியே வரவில்லை. சாதி ஒழிய வேண்டும் என்றவன் கம்பிக்கு உள்ளே. சாதிப்படி வேலை பகுத்த விதிப்புத்தகமோ நாட்டின் சிறைகளில் அதிகாரியின் மேசைமேல்!

அந்தப் புத்தகத்தின் மீது கை வைத்தவர் ஒரு பெண். சுகன்யா சாந்தா என்னும் செய்தியாளர் பல மாநிலச் சிறைகளில் நடக்கும் சாதிக் கொடுமைகளைத் திரட்டி 2020இல் எழுதினார். அதைக் கண்டு இராசத்தான் உயர்நீதிமன்றம் தானே முன்வந்து வினவியது. அம்மாநில விதி திருத்தப்பட்டது. பின்னர் அவர் உச்சநீதிமன்றம் சென்றார். 2024 அக்டோபர் 3ஆம் நாள், தலைமை நீதிபதி சந்திரசூட், நீதிபதிகள் பர்திவாலா, மனோஜ் மிஸ்ரா ஆகியோர் தீர்ப்புரைத்தனர். சாதிப்படி வேலை பகுப்பதும், சாதிப்படி கைதிகளைப் பிரித்து அடைப்பதும் செல்லாது. பதிவேட்டில் சாதிக் கட்டத்தை நீக்குக. மூன்று மாதத்துள் விதிகளைத் திருத்துக. குற்றப் பரம்பரை என்று முன்னர் முத்திரையிடப்பட்டவரை வழக்கமான குற்றவாளிகள் என்று பிறப்பால் கருதாதே என்று ஆணையிட்டனர்.

அத்தீர்ப்பில் நாம் தலைகுனிய வேண்டிய இடம் ஒன்றும் இருக்கிறது. பாளையங்கோட்டை மத்தியச் சிறையில் கைதிகளைச் சாதிவாரியாகத் தனித்தனிப் பகுதிகளில் அடைத்தது பற்றி முன்னரே ஒரு வழக்கு வந்தது. நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் சாதிச் சண்டை மிகுதி. கலந்து வைத்தால் மோதல் வரும் என்று அரசு விளக்கம் கூறிற்று. உயர்நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. உச்சநீதிமன்றமோ ஏற்கவில்லை. ஒழுங்கைக் காப்பது சிறை அதிகாரியின் கடமை. அதற்குச் சாதிச் சுவர் வழியாகாது என்றது. பெரியார் பிறந்த நாட்டில், பகுத்தறிவு பேசும் ஆட்சிகள் மாறி மாறி நடந்த நாட்டில், இந்தச் சுவரை இடிக்கத் தில்லியிலிருந்து சொல்லி அனுப்ப வேண்டியிருந்தது. மோதலுக்கு அஞ்சிப் பிரித்தோம் என்பதில் உண்மை ஒரு துளியும் இல்லையென்று நாம் கூறமாட்டோம். ஆனால் 1855இல் செம்பைத் திருப்பிக் கொடுத்த அதிகாரியும் இதைத்தான் சொல்லியிருப்பார்.

திருத்தப்பட வேண்டியவர் யார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2022ஆம் ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். அவர்களுள் 4,34,302 பேர் தீர்ப்பே பெறாத விசாரணைக் கைதிகள். நூறு பேருக்குரிய இடத்தில் நூற்று முப்பத்தொருவர் அடைபட்டிருந்தனர். நான்கில் மூவர் குற்றவாளிகளா இல்லையா என்பதே தெரியாத ஓர் இடம், அவர்களை எதிலிருந்து திருத்தும்? பிணைத்தொகை கட்ட இயலாத ஏழை அங்கே தேர்ந்த திருடனோடு பாய் விரிக்கிறான். கைத்தொழில் கற்காமல் போனாலும் அந்தக் கல்வியை மட்டும் தவறாமல் கற்கிறான்.

வேறு வழி இல்லாமலும் இல்லை. சாதி விதிகள் எழுதிவைத்த அதே இராசத்தானத்தில், செய்ப்பூருக்கு அருகே சாங்கானேர் என்னுமிடத்தில், 1963இலிருந்து ஒரு திறந்தவெளிச் சிறை இருக்கிறது. நீண்ட தண்டனை பெற்ற கைதிகள் அங்கே மனைவி மக்களோடு வாழ்கின்றனர். காலையில் வெளியே சென்று கூலி வேலை செய்கின்றனர். மாலையில் வந்து பெயர் கொடுக்கின்றனர். கொலைக்குத் தண்டனை பெற்றவனும் வேலைக்குப் போய்ச் சொன்ன நேரத்தில் திரும்பி வருகிறான். ரேகைச் சட்டத்தாரும் அன்று மாலைதோறும் பெயர் கேட்டனர். அவர்கள் கேட்டது ஓடிவிடுவான் என்று நம்பியதால். சாங்கானேரில் கேட்பது திரும்பி வருவான் என்று நம்புவதால்.