யாருடைய விருப்பம்?

1911இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரித் தமிழாசிரியர் நாகை வேதாசலம் பிள்ளை வேலையை விட்டார். 1898இல் சேர்ந்தவர், விட்டபோது வயது 34. அதே வருஷம் துறவு பூண்டு சுவாமி வேதாசலம் ஆனார். 1916க்குப் பிறகு மறைமலை அடிகள். நம் இலக்கிய வரலாறுகள் இந்த விலகலைத் துறவுக்கு முன்னுரையாக வாசித்தே பழகிவிட்டன. ஒரு வாத்தியார் ஏன் வேலையை விட்டார் என்கிற சாதாரணக் கேள்வி அதில் காணாமல் போகிறது.

பதில் பாடத்திட்டத்தில் இருக்கிறது. 1904 இந்தியப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தைத் தொடர்ந்து சென்னைப் பல்கலைக்கழகம் விதிகளைத் திருத்தியது. பட்டப்படிப்பில் கட்டாயமாயிருந்த தமிழ் விருப்பப் பாடமாயிற்று. ஆங்கிலம் கட்டாயமாகவே நின்றது. உத்தியோகத்துக்கு வழி ஆங்கிலம்தான் என்றிருந்த காலத்தில் மாணவனின் 'விருப்பம்' எந்தப் பக்கம் சாயும்? வகுப்பு கலைந்தால் தமிழ்ப் பண்டிதர் எதற்கு? ஆளைப் பார்த்துப் 'போ' என்று சொல்ல வேண்டியதில்லை. பாடத்தில் கைவைத்தால் போதும். கடைசியில் மிஞ்சுவது இரண்டு விருப்பங்கள்: தமிழை எடுக்காத மாணவனுடையது, வேலையை விட்ட ஆசிரியருடையது. விதி எழுதிய கை எங்கேயும் தெரிவதில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வேதாசலத்தால் போக முடிந்தது. வேளாளச் சைவ உலகம், சபை மேடைகள், 1902இல் தொடங்கிய 'ஞானசாகரம்', பல்லாவரத்து வீடு என்று வெளியே அவருக்கு ஓர் இடம் இருந்தது. அதனால்தான் அந்த விலகல் வரலாறானது. அப்படியொரு இடமில்லாத பண்டிதரின் விலகல் குடும்பக் கஷ்டமாக மட்டுமே முடிந்திருக்கும்.

இன்று தமிழக அரசுப் பள்ளி ஆசிரியர் 20 வருஷப் பணி முடித்தோ 50 வயதிலோ, மூன்று மாத முன்னறிவிப்புக் கொடுத்துப் போகலாம். ஓய்வு வயது 2021இல் 60 ஆகியும், அதற்கு முன்பே போகிறவர்கள் இருக்கிறார்கள். விண்ணப்பத்தின் பெயர் 'விருப்ப ஓய்வு'. எமிஸ் பதிவேற்றம், தேர்ச்சி விழுக்காட்டுக் கூட்டம் இதுகளுக்கு நடுவே "பாடம் எப்ப சார் நடத்துறது?" என்ற அலுப்பைக் கேட்காதவர் யார்? அந்த அலுப்புக்கு விண்ணப்பத்தில் இடமில்லை. சுயநிதிக் கல்லூரியிலோ அந்த விண்ணப்பம்கூடக் கிடையாது. "மேடம் நின்னுட்டாங்க" என்ற ஒரு வார்த்தையோடு சரி.

ஆசிரியர்கள் ஏன் போகிறார்கள் என்று அவர்கள் மனசைத் துருவுகிறோம். அவர்கள் விட்டுப்போன வேலை அதற்குள் என்னவாகியிருந்தது, ஆக்கியவர் யார் என்றல்லவா முதலில் கேட்க வேண்டும்? தனித்தமிழ் இயக்கத்தின் கதையையும் 1916இன் பெயர் மாற்றத்தில் அல்ல, ஆளில்லாமல் போன அந்த வகுப்பறையில் தொடங்கலாம்.