லா குளூஸ்: ஒரு பின்காவற் சமர்

வில் நகரில் நாம் வேலை செய்யும் றெஸ்ரோறன்டில், இரவு கதிரைகளை மேசைமேல் ஏற்றியபின் ஒரு மேசையை மட்டும் விட்டுவைப்போம். மடித்த மேசைத்துணிகள் யூரா மலை, உப்புக்குப்பி ஷூ கோட்டை, பருப்பு பிரெஞ்சுப் படை, மிளகு பிரசியப் படை. 1824 இல் பிரசிய அதிகாரி றைஸ்விற்ஸ் தம் இராணுவத்துக்குப் பழக்கிய மேசைப் போரின் ஏழைப் பேரப்பிள்ளை இது.

1871 ஜனவரி 28 இல் கைச்சாத்தான போர்நிறுத்தத்தில் பிரெஞ்சுக் கிழக்குப் படை சேர்க்கப்படவில்லை. அதை அப்படைக்கு ஒழுங்காக அறிவிக்கவுமில்லை. தளபதி பூர்பாக்கி தன்னைத்தானே சுட்டுக் காயப்பட்டுக் கிடந்தார். அவரிடத்துக்கு வந்த கிளான்ஷான், பெப்ரவரி 1 விடியுமுன் லெ வெரியேரில் சுவிஸ் தளபதி ஹேர்சோக்குடன் உடன்பட்டார்; ஆயுதத்தைக் கொடுத்துவிட்டு ஏறத்தாழ 87,000 பேர் உள்ளே வந்தார்கள். அன்று பகல் முழுக்க, பொன்தார்லியேக்கு அப்பால் லா குளூஸ் கணவாயில் பின்காவற்படை மன்ரொய்ஃபெலின் ஆட்களை மறித்து நின்றது. கோட்டைப் பீரங்கிகள் மேலிருந்து துணைநின்றன.

எங்கள் முதல் விதி பிழை. கூடுதலாக மிஞ்சியவர் வென்றார் என்று வைத்தோம்; பருப்புக்காரர் முதற் சுற்றிலேயே எல்லைக்கு ஓடினார். பிறகு மாற்றினோம்: பன்னிரண்டு சுற்றுக்குக் கணவாய் மூடியிருந்தால் வெற்றி, மிஞ்சியதை எண்ணுவதில்லை. அதன்பின் எந்தப் பருப்பைக் கடைசியில் நிறுத்துவது என்பதே சண்டை. எங்களில் ஒருவர் 2009 இல் வன்னியால் வந்தவர். அவர் பிரெஞ்சுப் பக்கம் ஆடமாட்டார், பகடை மட்டும் உருட்டித் தருவார்.

உள்ளே வந்தவர்களைக் கன்ரன்களுக்குப் பங்கிட்டார்கள். மார்ச்சில் வீடு போய்விட்டார்கள். (எங்கள் அட்டைகளை வருடாவருடம் புதுப்பிக்கிறோம்.) லுட்சேர்ணில் காஸ்த்ர் 1881 இல் தீட்டிய வட்ட ஓவியம் இருக்கிறது. அது எல்லையைத் தாண்டியவர்களின் படம். விடுமுறை கிடைத்தபோது போய்ப் பார்த்தோம். பகடைக்காரர் கணவாய் எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டார்.