அகத்தே கடவுளும் அடைத்த கதவும்: யாழ்ப்பாணத்துக் குரு மரபு பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

இறைவனைத் தன்னுள்ளேயே காணலாம், யோகமும் குருவருளுமே அதற்கு வழி என்னும் கருத்து, திருமந்திரத்திலும் சித்தர் பாடல்களிலும் அழுத்தம் பெற்ற ஒன்றாகும். பக்தர்கள் இதனைக் காலங்கடந்த உண்மையெனப் போற்றுவர். முற்போக்காளர் சிலர் வெறும் கருத்துமுதல்வாதமென ஒதுக்குவர். இக்கருத்து எச்சமூகச் சூழலில், எவரிடையே வேரூன்றியது என்ற வினாவை இரு சாராரும் எழுப்புவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த குரு மரபினை முன்வைத்து அவ்வினாவை ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

மிஷனரிமாரின் மதப் பிரசாரத்தை எதிர்கொண்ட ஆறுமுக நாவலர் (1822–1879) பாடசாலை, அச்சகம், பிரசங்கம் ஆகியவற்றின் வாயிலாகச் சைவத்தை மீளொழுங்கு செய்தார். அம்முயற்சியில் அந்நிய ஆதிக்க எதிர்ப்புக் கூறு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின், ஆகமவழிக் கோயிலையும் ஆசாரத்தையும் மையமாகக் கொண்ட அச்சைவம் வேளாள மேலாண்மைக்கு அரணாகவும் அமைந்தது. கோயிலின் உள்ளே எவர் செல்லலாம், எவர் வெளியே நிற்கவேண்டும் என்பதைச் சாதியே தீர்மானித்தது.

கடையிற் சுவாமிகள், செல்லப்பா சுவாமிகள், யோகர் சுவாமிகள் என வளர்ந்த மரபினை இப்பின்னணியிலேயே நோக்குதல் வேண்டும். முதலாமவர் கடைத்தெருவில் உலவியவர். இரண்டாமவர் நல்லூர்த் தேரடியில் வாழ்ந்து, பைத்தியக்காரர் எனப் பலராலும் எண்ணப்பட்டவர். யோகர் (1872–1964) கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலைத்திட்டமொன்றிற் களஞ்சியப் பொறுப்பாளராகக் கடமையாற்றியவர். உத்தியோகத்தைத் துறந்து செல்லப்பரிடம் சீடரானார். 1915 இல் குரு மறைந்தபின் கொழும்புத்துறையில் இலுப்பை மரத்தடியிலும், பின்னர் ஒரு குடிலிலும் வாழ்ந்தார். கிரியையும் வடமொழி மந்திரமுமின்றி, எளிய தமிழில் அவர் கூறியவற்றைக் கேட்க எழுதுவினைஞர், ஆசிரியர், வழக்கறிஞர் எனப் பலரும் சென்றனர். ஆங்கிலக் கல்வியாலும் உத்தியோகத்தாலும் ஊர்க்கோயிலின் பிணைப்பிலிருந்து ஓரளவு விலகிய மத்தியதர வர்க்கத்தினருக்கு, தனிமனித உள்ளத்தையே ஆலயமாகக் கொண்ட இந்நெறி ஏற்புடையதாயிற்று எனக் கருதலாம்.

இம்மரபின் உள்முரண்பாடு இங்குதான் வெளிப்படுகின்றது. எல்லா உடலிலும் சிவனே உறைகின்றான் எனின், தீண்டாமைக்குத் தத்துவ அடிப்படை ஏதுமில்லை. இவ்வகையில் அது ஆசாரச் சைவத்தின் மீதான கடும் விமர்சனமே. ஆயினும் அவ்விமர்சனம் சமூக இயக்கமாகத் திரளவில்லை. யாவும் என்றோ முடிந்துவிட்டன என்னும் தெளிவு, சீடரின் மனக்கவலையைத் தணித்திருக்கலாம். கோயில் வாயிலில் தடுக்கப்பட்டவனுக்கோ எதுவும் முடிந்திருக்கவில்லை.

நல்லூர்க் கந்தசுவாமி கோயிற் கதவு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு 1956 இலேயே திறந்தது. 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியபோதும் அது பெரிதும் ஏட்டளவிலேயே இருந்தது. 1966 ஒக்டோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் சென்ற ஊர்வலமும், 1968 இன் மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டமுமே அச்சட்டத்திற்கு உயிரளித்தன. அப்போராட்டங்களில் முன்னின்றோர் யோகியர் அல்லர்; இடதுசாரி இயக்கத்தினரும் ஒடுக்கப்பட்ட மக்களுமாவர்.

எனவே, இக்குரு மரபினை முற்றாக நிராகரித்தல் வரலாற்று நோக்காகாது. மனிதனைக் கோயிலினும் மேலாக மதித்த அதன் மானுடக் கூறு நமது பண்பாட்டுச் செல்வமே. ஆயின், உள்ளத்தில் உணரப்பட்ட சமத்துவம் தானாகவே ஊரின் சமத்துவமாகிவிடவில்லை என்பதும் அவ்வரலாறு காட்டும் உண்மையாகும். ஒருவர் குடிலில் இருந்து கண்டதை, வீதியில் இறங்கிய பலரின் கூட்டுச் செயலே சமூக நடைமுறையாக்கத் தொடங்கியது. இவ்விரண்டினையும் ஒருங்கே கணக்கிற் கொள்ளும் ஆய்வே நமது சமய வரலாற்றுக்கு நேர்மை செய்வதாகும்.