கீழக்கரை வரலாறும் புதிய ஆராய்ச்சிகளும்

‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்னும் முதுமொழியை அறியாத தமிழர் அரியர். கீழக்கரையில் வாழ்ந்து, உமறுப் புலவருக்கும் படிக்காசுப் புலவருக்கும் புரவலராய் விளங்கிய அவ்வள்ளலின் புகழ் முந்நூறு ஆண்டுகளாக நம் இல்லங்களில் வழங்கி வருகிறது. எனினும் விழா மலர்களிலும் மேடைகளிலும் அவரைப் பற்றி நாம் கூறுவன பெரும்பாலும் முன்னோர் எழுதிய சில நூல்களில் கண்டவையே. அந்நூல்களுக்குப் பின் ஆராய்ச்சி எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்று வினவுவோர் மிகச் சிலர்.

இத்துறையில் நடந்த பணி சிறிதன்று. இலங்கை அறிஞர் ம.மு. உவைஸ் 1953-இல் முஸ்லிம்களின் தமிழ்த் தொண்டினைப் பற்றிய தம் ஆங்கில நூலை வெளியிட்டு வழி காட்டினார். இராமநாதபுரத்து வரலாற்றறிஞர் எஸ்.எம். கமால் 1990-இல் ‘முஸ்லிம்களும் தமிழகமும்’ என்னும் நூலைத் தந்தார். கீழக்கரையைச் சேர்ந்த தைக்கா சுஐபு ஆலிம் அவர்கள் தமிழகத்திலும் இலங்கையிலும் வளர்ந்த அறபு, அறபுத்தமிழ், பாரசீக இலக்கியங்களைத் தொகுத்து 1993-இல் பெருநூலொன்று வெளியிட்டார்கள். சோழமண்டலக் கரை முஸ்லிம்களின் கடல் வணிகத்தைப் பற்றி ஜெ. ராஜா முகமது எழுதிய நூல் 2004-இல் வந்தது. 1572-இல் தமிழில் இயற்றப்பட்ட ‘ஆயிர மசலா’வை அதே கதையின் மலாய், சாவக வடிவங்களோடு ஒப்பிட்டு ரோனித் ரிச்சி எழுதிய நூலைச் சிகாகோ பல்கலைக்கழகம் 2011-இல் அச்சிட்டது.

இவ்வாராய்ச்சிகளால் நாம் பெறும் பயன் யாது? சீதக்காதியையே எடுத்துக்கொள்வோம். டேவிட் சுல்மன், சஞ்சய் சுப்பிரமணியம் ஆகிய இருவரும் 1993-இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், அவரைப் பாடிய தமிழ் இலக்கியங்களையும் டச்சுக் கும்பினியின் ஆவணங்களையும் அருகருகே வைத்து ஆராய்ந்தனர். 1658-இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய டச்சுக்காரர் முத்துக் குளிப்பையும் துணி வணிகத்தையும் தம் பிடியில் வைத்திருக்க விரும்பினர். கீழக்கரை மரைக்காயர்கள் அவர்களுக்குப் போட்டியாய் நின்றனர். ஆகவே அவர்களைப் பற்றிய செய்திகளை டச்சு அதிகாரிகள் தம் மேலிடத்துக்கு எழுதலாயினர். அவ்வேடுகளில் வரும் பெரிய தம்பி மரைக்காயர் சேதுபதியின் நம்பிக்கைக்குரிய பெருவணிகர். அவரே சீதக்காதியா, அன்றி அக்குடும்பத்தின் மற்றொருவரா என்பது ஆய்வாளர் ஆராய்ந்து வரும் வினாவாகும்.

இதனால் வள்ளலின் பெருமை குறைந்துவிடுமோ என்று சிலர் அஞ்சக்கூடும். குறையாது. வழங்கிய கை எதனை ஈட்டி வழங்கியது, எத்தகைய எதிர்ப்பினிடையே ஈட்டியது என்பது தெரியுமாயின் அக்கொடை மேலும் உயர்ந்தே தோன்றும். அதே வேளையில், புதியது என்பதனாலேயே எதனையும் ஏற்றுவிடுதலும் தகாது. டச்சுக்காரர் நடுநிலையாளர் அல்லர், வணிகப் பகைவர். புகழ்ந்து பாடிய புலவரின் சொல்லை எடைபோட்டுப் பார்ப்பது போலவே இகழ்ந்து எழுதிய எழுத்தரின் சொல்லையும் எடைபோட வேண்டும். ஆனால் நூலைப் படியாதவன் எதனை எடைபோடுவான்? படித்தவனுக்கே மறுத்துரைக்கும் உரிமையும் உண்டு.

இங்கே நாம் ஆழ்ந்து எண்ண வேண்டிய செய்தி ஒன்றுண்டு. டச்சுக் கும்பினியின் ஆவணங்கள் ஏறத்தாழ இரண்டரைக் கோடிப் பக்கங்கள். ஹேக், ஜகார்த்தா, கொழும்பு, கேப்டவுன் நகரங்களிலும் நம் சென்னையிலும் அவை காக்கப்படுகின்றன. 2003-இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தது. நம் முன்னோரோடு போட்டியிட்டவரின் கணக்கு இவ்வளவு பத்திரமாய் இருக்கிறது. நம் மரைக்காயர்கள் தம் கையால் எழுதிய கணக்கேடுகளும் கடிதங்களும் எத்தனை எஞ்சியுள்ளன? மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) (1816–1898) போன்ற பெரியார்கள் நூல் யாத்த அறபுத்தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த பேரப்பிள்ளைகள் எத்தனை பேர்? பெட்டகத்தில் கிடக்கும் ஏடு உப்புக் காற்றுக்கும் செல்லுக்கும் இரையாகுமானால், நாளை நம் வரலாற்றுக்குப் பிறர் எழுதி வைத்தது ஒன்றே சான்றாக நிற்கும்.

ஆகவே நாம் செய்யத்தக்கவை சில. கீழக்கரையில் 1984-இல் தொடங்கிய முகமது சதக் பொறியியற் கல்லூரியும், 1988-இல் தொடங்கிய தாசிம் பீவி மகளிர் கல்லூரியும் உள்ளன. இத்தகைய கல்லூரி நூலகங்களிலும் பள்ளிவாசல் நூலகங்களிலும் இந்நூல்களுக்கெனத் தனி அடுக்கு இருத்தல் வேண்டும். ஆங்கிலம் கற்ற நம் பெண்மக்களும் ஆண்மக்களும் அவற்றின் சாரத்தைத் தமிழில் எழுதி நம் இதழ்களுக்கு அனுப்பலாம். விழா மலர் வெளியிடுவோர், பழைய ஆண்டுக் கணக்கை மீண்டும் அச்சேற்றும் முன் புதிய ஆராய்ச்சியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். வீட்டைப் புதுப்பிப்போர் பழந்தாள்களை அப்புறப்படுத்தும் முன் அறிந்தவரிடம் காட்டிப் படமெடுத்து வைக்கலாம்.

இவற்றுக்குப் பெரும் பொருள் வேண்டுவதில்லை, அக்கறை வேண்டும். பிறர் எழுதியதைப் படிப்பதும், நம்மிடம் உள்ளதைக் காப்பதும் வரலாற்றின் இரு கண்கள். இரண்டும் திறந்திருந்தால்தான் சீதக்காதி பழமொழியில் மட்டுமன்றி வரலாற்றிலும் வாழ்வார்.